சமையலறைக் கதைகளைத் தேடிய பேராசிரியர்

கேள்வி: ஏ.கே. ராமானுஜன் என்றால் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்றுதான் தெரியும். அவர் நாட்டார் கதை ஆய்வாளரும்கூட என்கிறார்களே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய பெரிய வேலை. 1929-ல் மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். மாடியில் அப்பாவின் அறையில் ஆங்கிலம், கீழே அம்மாவோடு தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம் என்று மூன்று மொழிகளுக்குள் வளர்ந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். வானியலும் படிப்பார், ஜாதகமும் கணிப்பார், இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தார். கதைகள் மட்டும் மாடியில் கிடைக்கவில்லை, சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் பெண்கள் சொன்னவை அவை.

கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்தார். பெல்காமில் இருந்த 1950-களிலேயே கன்னடக் கதைகளைக் கேட்டு எழுதிவைக்கத் தொடங்கிவிட்டார். 1959-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய், இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1962-லிருந்து கடைசிவரை சிகாகோ பல்கலைக்கழகம்தான். 1976-ல் பத்மஸ்ரீ, 1983-ல் சிறந்த படைப்பாளிகளுக்கும் அறிஞர்களுக்கும் அமெரிக்காவில் தரப்படும் மக்ஆர்தர் நிதிநல்கை. 1993 ஜூலையில் அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்த நிலையில் இறந்துபோனார். வயது 64. கையில் இன்னும் எவ்வளவோ வேலை இருந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த கன்னடக் கதைகள் 1997-ல்தான் நூலாக வந்தன.

கேள்வி: பாட்டி சொல்கிற கதையில் ஆராய்ச்சி செய்ய அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், ஓசூர்

பதில்: அவர் மொழிபெயர்த்த ஒரு கன்னடக் கதையைக் கேளுங்கள். ஒருத்திக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும், யாருக்குமே சொன்னதில்லை. உள்ளே மூச்சுமுட்டிப்போன இரண்டும் அவள் தூங்கும்போது வாய் வழியாக வெளியேறி, கதை வாசலில் ஒரு ஜோடி செருப்பாகவும் பாட்டு சுவர் ஆணியில் தொங்கும் ஓர் ஆணின் கோட்டாகவும் மாறிவிடுகின்றன. புருஷன் வந்து பார்க்கிறான், யார் வந்தது என்கிறான், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, பெரிய சண்டை. கோபித்துக்கொண்டு அனுமார் கோயிலில் போய்ப் படுக்கிறான். ஊரில் அணைத்த விளக்குகளின் சுடரெல்லாம் ராத்திரி அந்தக் கோயிலில் கூடிப் பேசுமாம். அவன் வீட்டுச் சுடர் தாமதமாக வந்து, "எங்கள் வீட்டில் சண்டை, அதனால்தான் லேட்" என்று நடந்ததை எல்லாம் சொல்கிறது. அவன் வீட்டுக்கு ஓடிவந்து கதையையும் பாட்டையும் பற்றிக் கேட்டால், "எந்தக் கதை? எந்தப் பாட்டு?" என்கிறாள் அவள்.

வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத பெண்ணின் புழுக்கத்தை இதைவிடச் சுருக்கமாக யார் சொன்னார்கள்? ராமானுஜன் பிடித்துக்கொண்ட இழை இதுதான். ராஜகுமாரன் கதைகள் கல்யாணத்தில் முடியும். பெண்கள் மையமான கதைகளில் கல்யாணத்துக்கு அப்புறம்தான் கஷ்டமே ஆரம்பிக்கும் என்று அவர் எடுத்துக்காட்டினார். பூக்கிற மரமாக மாறத் தெரிந்த ஏழைப் பெண்ணின் கதையும் அப்படித்தான். ராஜகுமாரனைக் கட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போன பிறகு, நாத்தனாரும் தோழிகளும் அவளை மரமாக மாறவைத்து, கண்டபடி கிளையை ஒடித்து, மறுபடி மனுஷியாக்கத் தண்ணீரைச் சரியாக ஊற்றாமல் போய்விடுகிறார்கள். கையும் காலும் இல்லாத உடம்பாக அவள் சாக்கடையில் கிடக்கிறாள். கடைசியில் புருஷனே தண்ணீர் ஊற்றி, ஒடிந்த கிளைகளைப் பொருத்தி மீட்கிறான். இந்தக் கதையை வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் 2006-ல் ஓர் ஆபராவே, அதாவது பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகமே, செய்தார்.

கேள்வி: அவருடைய ராமாயணக் கட்டுரையை ஏன் பாடத்திலிருந்து எடுத்தார்கள்?
– வாசகர், சேலம்

பதில்: 'முந்நூறு ராமாயணங்கள்' கட்டுரையை டெல்லி பல்கலைக்கழகம் 2011-ல் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. மத உணர்வைப் புண்படுத்துகிறது என்பதுதான் எதிர்த்தவர்களின் புகார். வால்மீகி, கம்பன், சமண ராமாயணம், தாய்லாந்து ராமாயணம் எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே, ராவணன் கர்ப்பமாகித் தும்மும்போது சீதை பிறக்கும் கன்னட நாட்டார் பாடலையும் அவர் வைத்தார். ஒன்றை மூலம் என்றும் மற்றதைப் பிழை என்றும் பார்க்காதே என்பது அவர் வாதம். அதை மாணவர்கள் கண்ணில் படாமல் செய்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கேள்வி: எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: 1991-ல் வந்த 'ஃபோக்டேல்ஸ் ஃப்ரம் இந்தியா'. 22 மொழிகளின் கதைகள், ஆங்கிலமும் எளிமை. முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பாதி பாடம் அங்கேயே இருக்கிறது. அப்புறம் 1997-ல் வந்த கன்னடக் கதைத் தொகுப்புக்குப் போங்கள்.