கடைசி வரி வராத பாட்டு

வணக்கம் அம்மா,

எனக்கு 24 வயது. பி.இ. முடித்து சென்னையில் ஐ.டி. வேலை, லேடீஸ் ஹாஸ்டல் வாசம். மூன்றாவது மாதச் சம்பளத்தில் கிதார் வாங்கி, யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டேன். போன வருடம் சொந்தமாக ஒரு பாட்டு எழுதினேன். கிதாரும் என் குரலும் மட்டும்தான். இதே வேலையில் இருப்பதா, இசை படிக்கப் போவதா, வீட்டில் பார்க்கும் வரனுக்குச் சரி சொல்வதா என்று எனக்குள் ஓடியதெல்லாம் அதில் இருக்கிறது.

ஆனால் பாட்டு முடிய மாட்டேன் என்கிறது. கடைசியில் டி சஸ் ஃபோர் என்ற கார்டில் (chord, சில சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) வந்து நிற்கிறது. முதல் கம்பியிலிருந்து சுண்டுவிரலை எடுத்தால் சாதாரண டி கார்டு, பாட்டு முடிந்துவிடும். எடுத்தால் பொய் சொன்ன மாதிரி இருக்கிறது. போனில் பதிந்து வைத்ததை ராத்திரி இரண்டு மணி வரை திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கூடப் படித்தவர்கள் கல்யாணம், வீட்டு லோன் என்று போய்விட்டார்கள். "இன்னும் எத்தனை நாள் யோசிப்பே?" என்கிறார் அப்பா. எனக்கு மட்டும் ஏன் எதுவும் தெளிவாகவில்லை? இது நோயா?

- பெயர் வேண்டாம், சென்னை

அன்பு மகளுக்கு,

குழப்பம் நோய் இல்லை. 18 முதல் 25 வரையிலான வயதை ஒரு தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று 2000-இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட். பிள்ளையும் இல்லை, முழுப் பெரியவரும் இல்லை என்று தவிக்கிற வயது. நம் வீடுகளிலோ வேலை, கல்யாணம் இரண்டையும் அதற்குள் முடித்துவிடச் சொல்கிறோம்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-லேயே இன்னொன்று சொன்னார். பெரியவர்கள் காட்டியதைத் தேடிப் பார்க்காமலே ஏற்றுக்கொள்வது ஒரு நிலை. தேடிக்கொண்டே முடிவுக்கு வராமலிருப்பது வேறொரு நிலை. நீ இருப்பது இரண்டாவதில். உன் தோழிகளில் சிலர் முதலாவதில் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் தெளிவாகத்தான் தெரியும்.

என்னைக் கவலைப்படுத்துவது அந்த ராத்திரி இரண்டு மணி. பாட்டை எழுதும்போது நீ தேடினாய். ஒரு வரியை அடித்து வேறொன்று போட்டிருப்பாய். படுத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பது அசைபோடுதல். அது மனச்சோர்வை இழுத்துக்கொண்டே போகும். பத்தரைக்கு ஹெட்போனை அலமாரியில் வைத்துவிடு. கேட்கத் தோன்றினால் சாயங்காலம் கிதாரை எடுத்து வாசி.

இசை படிக்கலாமா என்பதற்கு யோசித்து யோசித்துப் பதில் வராது. மூன்று மாதம், சனிக்கிழமைதோறும் ஒரு ஆசிரியரிடம் போ. நாலு பேர் முன்னால் இந்தப் பாட்டைப் பாடு. ஆர்வம் கூடுகிறதா, குறைகிறதா என்று அப்போது தெரியும். அப்பாவிடம் "தெரியலை" என்று மட்டும் சொல்லாதே. என்னிடம் வரும் அப்பாக்கள் பலரும் அந்தச் சொல்லுக்குத்தான் பயப்படுகிறார்கள். "மூணு மாசம் இதைச் செஞ்சு பாக்கிறேன்ப்பா, அதுவரைக்கும் வரன் பேச்சு வேண்டாம்" என்று கெடு வைத்துச் சொல். கெடு முடிந்ததும் நீயே போய்ப் பேசு.

இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகாவிட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ என் பதிலுக்குக் காத்திருக்காதே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

என் மகன் கிதார் வாசிப்பான். அந்த கார்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், விரலை எடுக்காமலே. ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி ஒலித்தது, ஆனால் தப்பாக இல்லை. நாலு பேர் முன்னால் பாடும்போதும் அங்கேயே நிறுத்து.