பாய்மரம் ஏன் நடுங்கியது?

தொண்டி நண்பருக்கு,

பள்ளி நாடகத்துக்காகப் பழைய கடற்கதையை மொழிபெயர்க்கிறீர்கள். ‘ஷிவர்’ என்ற சொல்லைப் பார்த்து ‘பாய்மரம் குளிரில் நடுங்கியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் சிரிக்கிறார்கள் என்கிறீர்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரே உருவத்தில் இரண்டு ‘ஷிவர்’கள் உண்டு. குளிராலும் பயத்தாலும் உடல் நடுங்குவது ஒன்று. இடைக்கால ஆங்கிலத்தில் இது ‘ச்சிவரன்’ (chiveren) என்று, ‘அச்சம்’ என்பதில் வரும் அழுத்தமான ‘ச்ச’ ஒலியில் தொடங்கியது. தாடையைக் குறித்த ஒரு பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் ஊகிக்கின்றன. பற்கள் கிடுகிடுப்பதை நினைத்தால் பொருத்தமாகவே படுகிறது. பிற்பாடு ‘ஷேக்’ (குலுங்குதல்) போன்ற சொற்களின் சாயலில் தொடக்க ஒலி மாறியிருக்கக்கூடும்.

மற்றது சிராய், சில்லு. பலகைக்கல்லைக் குறிக்கும் ஜெர்மன் ‘ஷீஃபர்’ இதன் உறவு. வினையாக வரும்போது சுக்குநூறாகச் சிதறுவது என்று பொருள். உங்கள் பாய்மரத்துக்கு நேர்ந்தது இதுதான். வாடைக்காற்றின் மேல் பழி போடாதீர்கள்.

கதையில் மாலுமி ‘ஷிவர் மை டிம்பர்ஸ்’ என்று கத்துவதும் இந்த இரண்டாவதே. டிம்பர்ஸ் என்பது கப்பலின் மரச்சட்டங்கள். ‘என் வத்தை சில்லுசில்லாகப் போக!’ என்று எழுதிப்பாருங்கள், நம் கரை மரப்படகான வத்தையைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். உங்கள் ஊரில் படகு கட்டும் ஓடாவி யாரிடமாவது கேட்டால் இதைவிடக் காரமாகவே ஒன்று சொல்வார்; பள்ளி மேடைக்கு ஆகுமா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் காட்சியில் சிறுவனின் முதுகில் ஓடும் ‘ஷிவர்’ மட்டும் பயநடுக்கம். அதை மாற்றவேண்டாம்.