தோல் பயாப்ஸியில் மியூசின்: கேட்டவையும் நோயியல் மருத்துவரின் பதில்களும்

முதலாண்டு பிஜி மாணவி: மேடம், ஹெச் அண்ட் ஈ (வழக்கமான சாயம்) ஸ்லைடில் கொலாஜன் நார்களுக்கு நடுவே வெற்றிடமாகத் தெரிகிறது. எடிமாவா (நீர்க்கோர்வை), மியூசினா (ஜெல் போன்ற வழவழப்பான பொருள்)?

பதில்: தோல் மியூசினில் பெரும்பகுதி ஹயலூரோனிக் அமிலம்தான், அது ஏகப்பட்ட தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்மா. பிராசஸிங்கில் ஆல்கஹால் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் மிஞ்சுவது வெள்ளை இடைவெளியும் அதில் ஒட்டிக் கிடக்கும் வெளிர்நீல இழைகளும்தான், ஹை பவரில் அந்த இழைகளைத் தேடுங்கள். தெரிந்தால் மியூசினாக இருக்கலாம், அல்சியன் ப்ளூ (மியூசினை நீலமாகக் காட்டும் சாயம்) போடுங்கள். பிஹெச் 2.5இல் நீலம் ஏறும், 0.5இல் ஏறாது, ஹயலூரோனிடேஸ் (அந்த அமிலத்தைச் சிதைக்கும் என்சைம்) விட்ட ஸ்லைடில் அழிந்துவிடும். ஆனால் சாயத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைத்துவிடாதீர்கள், எந்த ஆழத்தில் இருக்கிறது, கூட என்ன செல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோல் மருத்துவர்: ஒருவர் சர்க்கரை நோயாளி, பின்கழுத்தும் முதுகும் இறுகிவிட்டன. இன்னொருவருக்கு முகத்திலும் கையிலும் மெழுகு போன்ற பருக்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் 'டெர்மல் மியூசின்' (டெர்மிஸ் என்ற தோலின் உள்ளடுக்கில் மியூசின்) என்று மட்டும் இருக்கிறது.

பதில்: அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்? இரண்டும் வேறு வேறு நோய்கள். முதலாமவருக்கு ஸ்க்ளெரெடீமா இருக்கலாம்: டெர்மிஸ் தடித்து, பருத்த கொலாஜன் கட்டுகள் விலகி, மியூசின் பெரும்பாலும் அடியாழத்தில் இருக்கும், ஃபைப்ரோபிளாஸ்ட் (நார்களை உண்டாக்கும் செல்) கூடியிருக்காது. அதனால் கொழுப்பு வரை ஆழமாக எடுத்து அனுப்புங்கள், மேலாகச் சீவி அனுப்பினால் எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டாமவருக்கு ஸ்க்ளெரோமிக்ஸெடீமாவை நினைக்க வேண்டும். அதில் மேல், நடு டெர்மிஸில் மியூசின், ஒழுங்கில்லாமல் பெருகிய ஃபைப்ரோபிளாஸ்ட், ஃபைப்ரோசிஸ் (நார்த்தடிப்பு) மூன்றும் சேர்ந்து வரும். சீரம் எலக்ட்ரோஃபோரெசிஸ், இம்யூனோஃபிக்ஸேஷன் (ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனைகள்) கட்டாயம், பெரும்பாலும் ஐஜிஜி லாம்டா பாராபுரோட்டீன் (ஒரே வகையாகப் பெருகிய ஆன்டிபாடி) கிடைக்கும். தைராய்டும் பார்த்துவிடுங்கள், அது சரியாக இருந்தால்தான் இந்தப் பெயரே பொருந்தும்.

இறுதியாண்டு மாணவர்: கண்ணிமைக் கட்டியில் மியூசின் குளங்கள், அதில் செல் கூட்டங்கள் மிதக்கின்றன. ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) பாசிட்டிவ். தோலிலேயே தோன்றிய மியூசினஸ் கார்சினோமா (மியூசின் சுரக்கும் புற்று) என்று எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மார்பகப் புற்றிலும் ஈஆர் பாசிட்டிவ்தான், அதை வைத்துப் பிரிக்க முடியாது. கூட்டங்களின் ஓரத்தில் பி63 (ஒரு செல் அடையாளப் புரதம்) பிடிக்கும் மயோஎபிதீலியல் அடுக்கு (சுரப்பியைச் சூழ்ந்த வெளிச் செல் அடுக்கு) ஓரிடத்திலாவது இருந்தால் இன்-சிட்டு (இன்னும் ஊடுருவாத) பகுதி இருக்கிறது, அது தோலிலேயே தோன்றியது என்பதற்கு வலுவான சாட்சி. அது கிடைக்காவிட்டால் மார்பகமும் குடலும் பரிசோதித்து முடியும்வரை ரிப்போர்ட்டில் மெட்டாஸ்டாசிஸ் (வேறிடத்துப் புற்று பரவி வந்தது) சாத்தியத்தையும் எழுதியே ஆக வேண்டும்.

அதே மாணவர்: காதில் சூப்பர்ஃபிஷியல் ஆஞ்சியோமிக்ஸோமா (மியூசின் நிறைந்த தோல் கட்டி) வந்தால்?

பதில்: கார்னி காம்ப்ளக்ஸ் (தோலிலும் இதயத்திலும் கட்டிகள் வரக்கூடிய பரம்பரை நோய்) இருக்கலாம் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதி, இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே மிக்ஸோமா (இதயக் கட்டி) இருந்து அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடுவதற்குள் பிடித்துவிடலாம்.