உங்கள் சைக்கிள், உங்கள் ரோடு: வாசகர் கேள்வி – பதில்

"என்ன சைக்கிள் வைத்திருக்கிறீர்கள், அதையே ஏன் ஓட்டுகிறீர்கள்?" என்று சென்ற முறை கேட்டிருந்தேன். வந்ததில் பாதி காதல் கடிதம். மீதிப் பாதியில் கேள்வி இருந்தது. கேள்வி உள்ளவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வயது 48, வங்கி வேலை, மதுரை கே.கே. நகரில் வீடு. ஞாயிறு காலையில் நண்பர்களோடு அழகர்கோவில் போய் வருகிறேன். என்னிடம் இருப்பது மகன் ஓட்டிவிட்டுப் போட்ட, தடித்த டயர் கியர் சைக்கிள். மற்ற எல்லாரிடமும் ஹேண்டில் வளைந்த ரோடு பைக். "நீங்களும் இதையே வாங்குங்க சார்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அறுபதாயிரம் போடலாமா?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் சொல்வது அவரவர் முதுகுக்கும் முட்டிக்கும் பொருந்தியதை. உங்களுக்குப் பொருந்துமா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மதுரையிலிருந்து அழகர்கோவில் ஒரு பக்கம் சுமார் 21 கிலோமீட்டர். மலையடிவாரம் வரை சொல்லும்படியான ஏற்றம் கிடையாது. அதற்கு ரோடு பைக் இருந்தால் நல்லது, இல்லையென்றால் முடியாது என்பதில்லை. நீங்கள் பின்தங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கட்டை கட்டையான டயர். தார் ரோட்டில் அது உங்கள் உழைப்பைத் தின்கிறது. ரிம்மைக் கழற்றாமல் அதே அளவில், அதாவது 26 இன்ச்சுக்கு 1.5 அகலத்தில், வழவழப்பான டயர் போடுங்கள். டயரின் பக்கச் சுவரிலேயே எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்கு அடியுங்கள்; விரலால் அமுக்கிப் பார்த்து "போதும்" என்பதெல்லாம் வேண்டாம். முன்னால் சஸ்பென்ஷனைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள்.

அடுத்து சீட்டு. சீட்டைக் கீழே இறக்கி, இரண்டு காலும் தரையில் பதியும்படி ஓட்டுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். முட்டி வலிக்கு அதைவிட நேர்வழி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெடலைக் கீழே விட்டு, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். ஓட்டும்போது முன்பாதம் பெடலில் இருக்கும், முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு, அப்புறமும் ஆசை தீராவிட்டால் வாங்குங்கள். வாங்கினால் என் ஓட்டு ஹைபிரிட்டுக்கு, அதாவது ரோடு பைக்குக்கும் உங்கள் தடித்த டயர் சைக்கிளுக்கும் நடுவில் நிற்கும் ரகத்துக்கு. நேர் ஹேண்டில், 700 சக்கரம், 35 மில்லிமீட்டர் அளவில் டயர். வாரநாளில் கீழமாசி வீதிப் பக்கம் காய்கறிக்குப் போனாலும் தாங்கும். 25 மில்லிமீட்டர் டயரோடு நம் ஸ்பீட் பிரேக்கர்களில் இறங்கிப் பாருங்கள், பல் ஆடும்.

கியர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். 21 கியர் என்றால் முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. முன்னால் 42 பல், பின்னால் 28 பல் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று. முன்னால் 24, பின்னால் 16 போட்டாலும் அதே ஒன்றரைதான். இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழும் கியர்கள் நிறைய. 21 என்று அட்டையில் இருப்பது காலுக்கு 21 ஆக வராது.

ஃபிரேமின் அளவும் முக்கியம். 5 அடி 4 அங்குலக்காரருக்கு 5 அடி 10-க்கான ஃபிரேமைத் தலையில் கட்டி, "சீட்டை இறக்கிக்கலாம் சார்" என்பார்கள். சீட்டு இறங்கும், ஹேண்டில் கிட்டே வராது. கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விடாத இடத்தில் வாங்க வேண்டாம். ஸ்டாண்டு, மட்கார்டு, பெல், ஃபிட்டிங் கூலி எல்லாம் விலையில் சேர்த்தியா என்று காசு நீட்டுவதற்கு முன்பே கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது; பில்லில் எந்தக் கணக்கு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குத் தினமும் பூ மூட்டை ஏற்றிப் போகிறேன். அப்பா காலத்து 28 இன்ச் கறுப்பு சைக்கிள். மகன் இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு கியர் சைக்கிள் வாங்கச் சொல்கிறான். போன மாதம் 28 என்று எழுதிய புது டயர் வாங்கினேன், ரிம்மில் உட்காரவே இல்லை.

பதில்: இரும்புக்குப் போடாதீர்கள் ஐயா. அந்த கேரியரில் நீங்கள் ஏற்றும் பாரத்தை இன்றைய சாதாரண கியர் சைக்கிளில் ஏற்ற முடியாது. பலவற்றில் கேரியர் மாட்டத் துளைகூடக் கிடையாது. செயின் மூடியிருப்பதால் மழையும் சேறும் உள்ளே போவதில்லை. பிரேக்குக்குக் கம்பி இழுப்பு, ஒயர் அறுந்து நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை. மகன் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் இதில்தான் இருக்கும்.

டயர் விஷயத்தில் உங்கள் மேல் தப்பில்லை. உங்கள் ரிம்முக்கு வேண்டியது 28 × 1½. டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். புது ஹைபிரிட், ரோடு பைக் டயர்களிலும் சில கம்பெனிகள் 28 என்று போடுகின்றன; அவற்றின் விட்டம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் சின்னதை எப்படி ஏற்ற முடியும்? டயரில் 40-635 மாதிரி ஓர் இணை எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது விட்டம். 635 என்று பார்த்து வாங்குங்கள். ஓட்டாத டயரை பில்லோடு கொண்டுபோனால் பெரும்பாலான கடைக்காரர்கள் மாற்றித் தருவார்கள்.

கியர் சைக்கிள் விலையில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து ஓவராயில் பண்ணிவிடுங்கள். பால்ரஸ் மாற்றி, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை புதுசாகப் போட்டால் போதும். மகனுக்கு ஆசை இருந்தால் தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளட்டும், அது வேறு கணக்கு.

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஆன்லைனில் சைக்கிள் வாங்கினேன். பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வந்தது. எதிர்வீட்டுத் தம்பி பூட்டிக்கொடுத்தான். பத்தே நாளில் இடது பெடல் கழன்று விழுந்தது, உள்ளே மரை போய்விட்டது. விளம்பரத்தில் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்று இருந்தது, வந்ததில் முன்னால் மட்டும்தான். "வெளியாள் பூட்டியதற்குப் பொறுப்பில்லை" என்று விற்றவர்கள் கையை விரிக்கிறார்கள்.

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள் அம்மா. சேர்த்துக் கேட்டால் இரண்டும் போகும்.

பெடல் விஷயத்தில் உங்கள் பக்கம் பலம் குறைவு. இடது பெடலின் மரை தலைகீழ். இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழலாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பெடலில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். தம்பி அதைப் பார்க்காமல் பலவந்தமாக ஏற்றியிருக்கலாம், அல்லது போதுமான அளவு இறுக்காமல் விட்டிருக்கலாம். பெட்டிக்குள் பூட்டும் முறை பற்றிய தாளே இல்லையென்றால் மட்டும் அதைக் குறையாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் இடது கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, மாற்றிவிடுங்கள், முழு சைக்கிளும் வீணாகவில்லை.

பிரேக் அப்படியில்லை. விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்துக்குப் பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியுங்கள். போனில் பேசியதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த வசதி அது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: சிறுமலைக்கு ஏறும்போது பஞ்சர். ட்யூப் மாற்றிவிட்டேன். கையில் பம்ப் இல்லை. இறங்கி வந்து காற்றுப் பிடிக்கும் கடையில் கேட்டால் "இந்த வால்வுக்கு நம்மகிட்ட இல்ல தம்பி" என்கிறார்கள். (கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

பதில்: உங்களுடையது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. நம் ஊர் பழைய சைக்கிளில் இருப்பது வால்டியூப் போட்ட வால்வு. மோட்டார் பைக்கில் இருப்பது ஷ்ரேடர். பிரெஸ்டாவின் தலையில் திருகிக்கொள்ள ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் கிடைக்கும். திருகினால் பெட்ரோல் பங்கிலேயே காற்றுப் பிடிக்கலாம். சாவிக்கொத்தில் மாட்டி வையுங்கள். அதற்காகப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுக்குப் பம்ப் இல்லாமல் போகலாம் என்று அர்த்தமில்லை. இன்னொன்று: ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் அங்கேயே ஒடிந்து நிற்கும், புது ட்யூபையும் அடுத்த கிலோமீட்டரில் குத்திவிடும்.

கேள்வி: பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? மேலூரிலிருந்து வேலைக்குப் போக யோசிக்கிறேன்.

பதில்: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். வாங்கிய பிறகு "வேகத்தைத் திறந்துவிடுகிறேன்" என்று எவராவது வந்தால் விடாதீர்கள்; அந்த நிமிஷமே அது மோட்டார் வாகனம். வாங்கும்போது தனி பேட்டரியின் விலையையும், அது உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் மிதித்து வீடு சேர முடிகிறதா என்று கடையிலேயே மோட்டாரை அணைத்து ஓட்டிப் பாருங்கள்.