மின்சாரமும் தண்ணீரும்: ஆப் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க போனில் ஒரு ஆப் போட்டிருக்கிறேன். ஃப்ரிட்ஜ், ஃபேன், ஹீட்டர் என்று வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பதிந்தேன். அது சொல்லும் யூனிட் கணக்குக்கும் பில்லுக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீருக்கு எப்படிக் கணக்கு வைப்பது என்றும் புரியவில்லை.

பதில்: பில்தான் சரியாக இருக்கும். சாதனத்தில் அச்சிட்டிருக்கும் வாட்டை, ஓடும் நேரத்தால் பெருக்கித்தான் இந்த வகை ஆப்கள் கணக்குச் சொல்கின்றன. ஃபேன், பல்புக்கு அது ஓரளவு பொருந்தும். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் விட்டுவிட்டுத்தான் ஓடும். 24 மணி நேரம் என்று போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

சாதனப் பட்டியலை விட்டுவிட்டு, மீட்டர் ரீடிங்கைப் பதியும் ஆப் ஒன்றுக்கு மாறுங்கள். தேதி, நேரம், ரீடிங் மூன்றும் எழுத இடமிருந்தால் போதும். பதிந்ததை எக்செல் கோப்பாக எடுக்கும் வசதி இருக்கட்டும். போனை மாற்றும்போது பழைய கணக்கு கையில் இருக்கும். இருப்பிடம், தொடர்பு எண்கள் என்று அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த வேலைக்கு அதெல்லாம் தேவையே இல்லை.

வாரத்தில் ஒரு நாள், அதே நேரத்தில் ரீடிங் எடுங்கள். எந்தச் சாதனம் இழுக்கிறது என்று உடனே தெரிய வேண்டுமானால், டிஜிட்டல் மின் மீட்டரில் சிமிட்டும் சின்ன விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நிமிடத்துக்கு 8 முறை சிமிட்டினால், மணிக்கு 480. 480-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.15 யூனிட். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. அதாவது 150 வாட் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும். ஸ்மார்ட் பிளக்கும் இதைக் காட்டும். ஆனால் ஹீட்டர், ஏசி இழுக்கும் ஆம்பியரை அந்த பிளக் தாங்குமா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள், சூடாகி உருகிவிடும்.

தண்ணீர் மீட்டரில் பெரும்பாலும் கறுப்பு எண்கள் கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். சிவப்பில் இருப்பது அதற்குக் குறைந்த அளவு. எனக்கு மிகவும் பயன்படுவது இரவு ரீடிங்தான். படுக்கும் முன் ஒன்று, காலையில் குழாயைத் திறக்கும் முன் ஒன்று. 6 மணி நேரத்தில் 20 லிட்டர் ஏறியிருந்தால் நாளுக்கு 80, மாதத்துக்கு 2400 லிட்டர் கசிகிறது. மாடித் தொட்டி இருந்தால் அதை நிரப்பி, உள்ளே வரும் வால்வை மூடிவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தொட்டி நிரம்புவதும் கசிவாகத் தெரியும். வால்வை மூடிய பின் மீட்டர் அசையாமல் தொட்டியின் மட்டம் மட்டும் இறங்கினால், கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. முதலில் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் கலர் பொடி கரைத்து அரை மணி விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் இறங்கினால் வாஷரை மாற்ற வேண்டும்.

இரண்டு கணக்கையும் ஒரே ஆப்பில் வைப்பது நல்லது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்கவே அரை யூனிட்டுக்கு மேல் ஆகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்து ஏறியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டரையும் மோட்டாரையும்தான்.