நாசரேத்துச் சிறுவன் அழலாமா?

கேள்வி: சென்ற இதழில் வந்த நாசரேத்துச் சிறுகதையைப் படித்து மனம் நொந்துபோனேன். சிறுவன் இயேசு கல் விழுந்து விரல் நசுங்கி அழுகிறாராம். ராத்திரி அம்மா மடியில் பயந்து நடுங்குகிறாராம். வேதாகமத்தில் இல்லாததை எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் கோபம் பக்தியில் பிறந்தது. அதனாலேயே பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன்.

டிசம்பரில் வீட்டில் குடில் வைப்பீர்கள் அல்லவா? முன்னணைக்குப் பக்கத்தில் ஒரு மாடும் கழுதையும் நிற்கும். லூக்கா சொல்லும் பிறப்பில் இரண்டுமே இல்லை. குழந்தையைக் காண வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் எண்ணிச் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. வேதம் சொல்லாமல் விட்ட இடத்தை அன்பால் நிரப்புவது நம் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. ஆக, எழுதலாமா கூடாதா என்ற வழக்கு என்றைக்கோ தீர்ந்துவிட்டது. எப்படி எழுதுவது என்பதில்தான் வழக்கு மிச்சம் இருக்கிறது.

தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாம் நூற்றாண்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. தோமாவின் பெயரில் உலவிய பால்யகால நூல் அது. ஐந்து வயது இயேசு ஓய்வுநாளில் களிமண்ணைப் பிசைந்து பன்னிரண்டு குருவிகள் செய்கிறார். யோசேப்பு கண்டிக்க வந்ததும் கை தட்டுகிறார், குருவிகள் பறந்துவிடுகின்றன. இதுவரை அழகு. அடுத்து, அவர் தேக்கிவைத்த தண்ணீரை ஒரு பையன் கலைத்துவிட, சபிக்கிறார். அந்தப் பையன் பட்ட மரம்போல் வாடிப்போகிறான். இன்னொரு பையன் ஓடிவந்து தோளில் இடித்துவிடுகிறான், அந்த இடத்திலேயே செத்து விழுகிறான். ஊரார் யோசேப்பிடம் வந்து, உன் பிள்ளைக்கு ஆசீர்வதிக்கக் கற்றுக்கொடு, இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போ என்கிறார்கள். திருச்சபை இந்த நூலை வேதத்தில் சேர்க்கவில்லை. யோவான் சுவிசேஷம் கானாவூர்க் கல்யாணத்தை முதலாம் அற்புதம் என்று தெளிவாகச் சொல்கிறதே, அதற்கு முன் அற்புதம் எப்படி வரும்? அம்மா, பக்கத்துக்குப் பக்கம் அற்புதம் செய்யும் குழந்தையை எழுதினால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும். அது பிள்ளையே அல்ல.

எங்கள் கதையில் வருவது பிள்ளை. விரல் நசுங்கினால் அழும். இறந்துபோன நண்பன் லாசருவுக்காகக் கண்ணீர்விட்டவர், பிடிபடுவதற்கு முன் கெத்செமனேயில் திகிலடைந்தவர் என்று வளர்ந்த இயேசுவைப் பற்றி வேதமே சொல்கிறது. முப்பது வயதுக்கு மேல் அழலாம், ஏழு வயதில் அழக்கூடாது என்பது எந்த நியாயம்?

அந்த ராத்திரிப் பயத்துக்கும் காரணம் உண்டு. ஏரோது ராஜா கி.மு. 4-இல் இறந்ததும் கலிலேயாவில் கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் செப்போரிஸ் நகரத்து ஆயுதக் கிடங்கை உடைத்தார்கள். சீரியாவின் ரோம ஆளுநர் வாருஸ் படையோடு வந்தார். நகரம் எரிந்தது, ஜனங்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். கலகக்காரரில் சுமார் 2,000 பேரை வாருஸ் சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். செப்போரிஸ் நாசரேத்திலிருந்து 6 கிலோமீட்டர்தான். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சிலுவை என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மடியைத் தேடாதா? கல்லும் இட்டுக்கட்டியதல்ல. நாம் தச்சன் என்று வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'தெக்தோன்'. வீடு கட்டுகிறவனும் அதில் அடங்குவான். நாசரேத்தோ சுண்ணாம்புக்கல் மேட்டில் இருந்த சிற்றூர்.

பன்னிரண்டு வயதில் எருசலேமில் நடந்ததைத் தவிர, வளர்ந்த காலத்தைப் பற்றிச் சுவிசேஷங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. உவமைகளைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். மூன்றுபடி மாவில் புளித்தமாவை அடக்கிவைக்கும் பெண், பழைய துணியில் கோடித்துண்டை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்ற அனுபவம், தொலைந்த ஒரு காசுக்காக விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடுவது: சமையலறைப் பக்கம் சுற்றிவந்த பிள்ளைக்குத்தான் இதெல்லாம் கண்ணில் நிற்கும். உன் கண்ணில் உத்திரம் இருக்க அடுத்தவன் கண்ணில் துரும்பைப் பார்ப்பதென்ன என்று சொல்ல, மரத்தூள் விழுந்து கண் உறுத்திய பட்டறைப் பையனால் முடியும். சந்தைவெளியில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டு, உங்களுக்காகக் குழல் ஊதினோம், நீங்கள் கூத்தாடவில்லை என்று சண்டை பிடிக்கிறார்களே, அது கல்யாண விளையாட்டு. புலம்பினோம், நீங்கள் மாரடிக்கவில்லை என்பது சாவு விளையாட்டு. அந்த இரண்டு விளையாட்டிலும் அவர் இருந்திருக்கிறார் என்றே நம்புகிறேன். இந்த வரிகளிலிருந்து பின்னோக்கி நடக்கிற எழுத்தாளரிடம், யார் அதிகாரம் கொடுத்தது என்று என்னால் கேட்க முடியாது.

தமிழுக்கும் இது புதிதில்லை. வீரமாமுனிவர் யோசேப்பைத் தலைவனாக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். அதில் திருமுழுக்கு யோவான் கருணையன் என்ற பிள்ளையாக வருகிறார். காட்டில் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுப் புலம்புகிறார்: பசிக்கு உணவு தேடத் தெரியாது, காட்டில் போகிற வழி தெரியாது, தெரிந்ததெல்லாம் தாயின் கை காட்டியதுதான், அவளும் போய்விட்டாள். வேதத்தில் இதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் பத்தாம் வகுப்பில் இதைப் படித்துக் கண் கலங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். முனிவரின் பக்தியை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்லாமலே ஒப்புக்கொள்கிறேன். கதையின் கடைசிப் பத்தியில் அந்தச் சிறுவன் திடீரென்று பிரசங்கியார் மாதிரி நான்கு வாக்கியம் பேசுகிறான். அவர் சொல்லாத போதனையை அவர் வாயில் வைப்பது வேறு, அவருக்கு வலித்தது என்று எழுதுவது வேறு. அந்தப் பத்தியை நான் வெட்டியிருக்க வேண்டும். எழுத்தாளரிடம் பேசிவிட்டேன், கதை தொகுப்பில் வரும்போது அது இருக்காது. விரல் நசுங்கும் இடம் அப்படியே இருக்கும்.