சாவியை ஒளித்தது யார்?

கேள்வி: எனக்கு 41 வயது. பல வருடமாகக் குடிப்பழக்கம். விடுகிறேன் என்று எத்தனையோ தடவை சத்தியம் செய்தும் ஒரு மாதம் தாண்டியதில்லை. இப்போதெல்லாம் காலையில் கை நடுங்குகிறது. என் பலத்தால் ஆகாது என்று புரிந்துவிட்டது. தினமும் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, "என்னால் முடியாது ஆண்டவரே, நீரே என்னை மாற்றும்" என்று அழுது ஜெபிக்கிறேன். மறுநாள் சாயங்காலம் கால் அந்தப் பக்கமே போகிறது. வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி பேசுவதைக் குறைத்துவிட்டாள். 12 வயது மகன் என் பைக் சாவியை ஒளித்துவைக்கும் அளவுக்குப் போய்விட்டான், கண்டித்துவைத்தேன். ஆண்டவர் ஏன் இன்னும் பதில் தரவில்லை? என் விசுவாசம் போதவில்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் விசுவாசத்தை அப்புறம் பார்க்கலாம், தம்பி. முதலில் அந்தச் சாவி.

"அளவுக்குப் போய்விட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள், தப்பு செய்தவன் அவன் என்பதுபோல. கண்டித்தேன் என்றால் என்ன, சத்தம் போட்டீர்களா, கை நீட்டினீர்களா? அதைச் சொல்லவில்லை. 12 வயதுப் பையன் சாவியை ஒளிக்க வேண்டுமென்றால் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், யோசித்தீர்களா? நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், சாவியை எங்கே வைப்பீர்கள், முகம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் எடுத்து, புத்தகப் பைக்குள் திணித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். படித்திருப்பானா அன்றைக்கு? பிள்ளையைக் காவல் காப்பது தகப்பன் வேலை. உங்கள் வீட்டில் பிள்ளை தகப்பனைக் காவல் காக்கிறான். அதற்குக் கூலியாகத் திட்டும் வாங்குகிறான்.

இரவில் ஆண்டவரிடம் "என்னால் முடியாது" என்கிறீர்கள். மறுநாள் மாலை மகனிடம், "கொடுடா சாவியை, எனக்குத் தெரியும்" என்கிறீர்கள். இதில் எது உண்மை? முடியாது என்பது நிஜமானால் அவனுக்கு நன்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும்? பதில் வரவில்லை என்று ஆண்டவரைக் குறை சொல்லாதீர்கள். வந்தது. நீங்கள்தான் அதை அதட்டிப் பிடுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினீர்கள்.

எல்லோரும் தூங்கிய பிறகு அழுவது சுலபம். காலையில் அதைப் பற்றிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல், தன் மாம்சத்தில் இருந்த முள், அதாவது உடலில் இருந்த ஒரு தீராத உபத்திரவம், நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. கிருபை போதும் என்றுதான் பதில் கிடைத்தது. இந்தப் பகுதியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால் அது நமக்கு எப்படித் தெரிந்தது? அவரே எழுதி கொரிந்து சபைக்கு அனுப்பினார். அதுவும், தன்னை மட்டமாகப் பேசியவர்கள் இருந்த சபைக்கு. பலவீனத்தை ஒப்புக்கொள்வது என்றால் இதுதான்.

1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள், ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் அறுவை சிகிச்சை மருத்துவர், சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.), குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அவர்களுடைய 12 படிகளில் முதல் படியே, மதுவின் முன்னால் நாங்கள் பலமற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. மூன்றாவதில் தங்களைக் கடவுளிடம் ஒப்படைக்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறீர்கள். ஐந்தாவது படி, செய்த தவறுகளைக் கடவுளிடமும், தன்னிடமும், இன்னொரு மனிதரிடமும் சொல்வது. அந்த இன்னொரு மனிதர் உங்கள் கடிதத்தில் எங்கே?

கை நடுங்குகிறது என்கிறீர்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நாளைக்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பல வருடம் தொடர்ந்து குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் புத்தி தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது. உங்களைப் பார்க்க மருத்துவமனைக்கு வருவதில் ஆண்டவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

ஏ.ஏ. கூட்டத்துக்கும் போங்கள். கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, மனைவியையும் மகனையும் உட்காரவைத்து, இரவில் ஆண்டவரிடம் சொல்வதை வெளிச்சத்தில் அவர்களிடம் சொல்லுங்கள். அழ வேண்டாம், அழுதால் உங்களைத் தேற்றுவது அவர்கள் வேலையாகிவிடும். சாவியை மனைவி கையில் கொடுங்கள், அவர் சம்மதித்தால். இல்லையென்றால் உங்கள் அண்ணனிடமோ போதகரிடமோ ஒப்படையுங்கள். பையனிடம் மட்டும் வேண்டாம், அவன் இதுவரை சுமந்தது போதும். அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவன் பதில் பேசாமல் எழுந்து போனால் அதற்கும் கண்டிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.